கரை சேர்த்த சவேரியார்

பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரைப் பொருட்படுத்தாதவரை உலகம் எளிதில் மறப்பதில்லை. வீரம் என்றதும் போர்க்களம்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் யாரும் ஏவாமல், கூலியும் கருதாமல், தத்தளிப்போரை மீட்கக் கொந்தளிக்கும் கடலில் தோணியை இறக்குவதும் வீரமே. நம் செட்டிநாட்டுக்கும் கடலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. நம் ஊர்ப் பெரியவர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிக் கொண்டுவிற்கச் சென்றவர்கள். தேவகோட்டையைத் தாண்டிக் கிழக்கே சென்றால் தொண்டிக் கடல் நம்மை வரவேற்கிறது. ஆகவே கடலோர மக்களைக் காக்கப் புறப்பட்ட ஒருவரின் வாழ்வை அறிவது நமக்குப் பொருத்தமே. அவர்தாம் புனித பிரான்சிஸ் சவேரியார்.

அவரைப் பெரும் மறைபரப்பாளராக நாம் அனைவரும் அறிவோம். ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் நாள் அவர் விழாவைக் கொண்டாடுகிறோம். ஆனால் நம் தமிழகக் கடற்கரையில் இருபது தோணிகளோடு மக்களை மீட்கக் கிளம்பிய சவேரியாரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஸ்பெயின் நாட்டின் நவார் பகுதியில், சவேரியார் கோட்டையில், 1506 ஏப்ரல் 7ஆம் நாள் அவர் பிறந்தார். செல்வக் குடும்பம்தான்; ஆனால் இளமை இனிமையாக அமையவில்லை. சிறு வயதிலேயே போர் அவருடைய நாட்டை விழுங்கிற்று. 1515இல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டே பகைவரின் ஆணையால் அவர்களுடைய கோட்டையின் கோபுரங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. படைவீரர்களால் வீடிழப்பது எத்தகைய துயரம் என்பதைப் பத்து வயதுச் சிறுவன் கண்ணாரக் கண்டான்.

பின்னர் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டமும் பெயரும் பெற்றார். அங்கே புனித இஞ்ஞாசியாரின் நட்பு அவர் வாழ்வை மாற்றியது. 1534 ஆகஸ்ட் 15ஆம் நாள் இஞ்ஞாசியாரோடும் தோழர்களோடும் மோன்மார்த்தர் குன்றில் அவர் வார்த்தைப்பாடு கொடுத்தார். அந்தச் சிறு குழுவே சேசு சபையாக மலர்ந்தது. 1541ஆம் ஆண்டு, தம் முப்பத்தைந்தாவது பிறந்த நாளன்று, லிஸ்பன் துறைமுகத்திலிருந்து இந்தியா நோக்கிக் கப்பலேறினார். பதின்மூன்று மாதப் பயணம்! வழியெல்லாம் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துகொண்டே, 1542 மே 6ஆம் நாள் கோவா வந்து சேர்ந்தார்.

அவ்வாண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கு வாழ்ந்த பரதவர் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தும் மறையைக் கற்பிக்க ஆளின்றி இருந்தனர். சவேரியார் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஒலித்துக்கொண்டே தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். கை சோர்ந்து, குரல் கம்மிப் போகும்வரை திருமுழுக்கு அளித்தார்.

1544 ஜூன் மாதம் பெரும் சோதனை வந்தது. வடுகர் படை குமரிமுனைப் பக்கத்துச் சிற்றூர்களுக்குள் புகுந்தது. வீடுகள் சூறையாடப்பட்டன, பலர் சிறைபிடிக்கப்பட்டனர். தப்பியவர்களுக்கு நிலத்தில் புகலிடம் இல்லை. அவர்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு துளி இல்லை. பசியாலும் தாகத்தாலும் அவர்கள் மடிந்துகொண்டிருந்த செய்தி சவேரியாரின் காதுக்கு எட்டியது.

அப்போது அவர் மணப்பாட்டில் இருந்தார். விடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அன்றிரவே இருபது தோணிகளோடு புறப்பட முடிவு செய்தார். புறப்படுமுன் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்கு அவசரமாக ஒரு மடல் எழுதினார். மீட்கப் போகும் தங்களுக்காகவும் மீட்கப்பட வேண்டிய மக்களுக்காகவும் சிறுவர் சிறுமியரைச் செபிக்கச் செய்யுமாறு அதில் கேட்டுக்கொண்டார். நமது தோணி என்ற சொல்லையே அவர் தம் மடல்களில் எடுத்தாண்டிருப்பதைக் காணும்போது நமக்கு வியப்பும் மகிழ்ச்சியும் உண்டாகின்றன.

மணப்பாட்டிலிருந்து குமரிமுனை 60 கிலோமீட்டருக்கு மேல். ஆனி மாதமாகையால் தென்மேற்குப் பருவக்காற்று எதிர்முகமாக வீசியது. துடுப்புப் போட்டுப் பார்த்தார்கள். கயிறு கட்டி இழுத்தும் பார்த்தார்கள். தோணிகள் முன்னேறவில்லை. எட்டு நாட்கள் கடலில் அலைக்கழிந்தபின் குமரியை எட்டாமலே அவர்கள் மணப்பாட்டுக்குத் திரும்ப நேர்ந்தது.

தோழியரே, இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வேறொருவராயின், நம்மால் ஆனதைச் செய்தோம், காற்று விடவில்லை என்று அமைதி கொண்டிருப்பர். சவேரியாரோ கடல்வழி மூடினால் தரைவழி இருக்கிறது என்று கால்நடையாகவே குமரிமுனைக்குச் சென்றார். அங்கு கண்ட காட்சி அவர் நெஞ்சை உருக்கியது. உண்ண உணவில்லாதோர், நடக்க இயலாத முதியோர், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார், மாண்டு கிடந்தோர்! எஞ்சிய ஏழைகளை மணப்பாட்டுக்கு அழைத்து வரச் செய்து ஆதரித்தார்.

அவர்களுக்கு உணவும் உடையும் வேண்டுமே! அதற்காகப் புன்னைக்காயல், தூத்துக்குடி முதலிய ஊர்ப் பெரியவர்களுக்கு மடல் எழுதினார். ஏழைகளிடம் எதுவும் பெறலாகாது. பெரிய படகு உடையவர்களும் மனமுவந்து தந்தால் மட்டுமே பெற வேண்டும். யாரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது அவர் விதி. மீண்டும் ஆபத்து வராதிருக்க, இரவில் விழித்துக் காவல் காக்கவும், தோணிகளைக் கடலில் ஆயத்தமாக வைக்கவும் கட்டளையிட்டார். கடலோரக் காவல் என்று இன்று நாம் சொல்லும் பணியின் அடிப்படை இதுவன்றோ?

செப்டம்பரில் தூத்துக்குடி மக்கள் தாக்கப்பட்டு அருகிலுள்ள தீவுகளுக்கு ஓடினார்கள். அங்கிருந்த போர்த்துக்கீசியத் தலைவனும் கப்பலும் வீடும் தீக்கிரையாகத் தீவுக்கே ஓடினான். அவன் சவேரியாரைப் பகைத்தவன். அவனுடைய தீய போக்கை அவர் முன்பே கண்டித்திருந்தார். தாம் நேரில் போனால் அவன் விரும்பமாட்டான் என்பதையும் அவர் அறிவார். ஆயினும், கிடைக்கும் தோணிகளிலெல்லாம் தண்ணீர் நிரப்பி விரைந்து போகுமாறு மான்சிலாசை ஏவினார். நீரில் தவிப்பவனிடம் நண்பனா பகைவனா என்று கேட்பது மீட்பவனின் முறையன்று என்பதை இச்செயலால் நமக்குக் காட்டிவிட்டார்.

பின்னர் மயிலாப்பூர், மலாக்கா, மொலுக்கஸ் தீவுகள், 1549இல் ஜப்பான் என்று அவர் பயணம் நீண்டது. இறுதியாகச் சீனாவுக்குள் நுழைய விரும்பி, 1552இல் அதன் கரைக்கு எதிரே உள்ள சான்சியன் தீவில் தங்கினார். தம்மைக் கரை சேர்ப்பதாக வாக்களித்தவனின் படகுக்காகக் காத்திருந்தார். அது வரவே இல்லை. காய்ச்சல் கண்டு, ஓர் எளிய குடிசையில், அந்தோணி என்னும் சீன இளைஞன் அருகிருக்க, டிசம்பர் 3ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 46. பாறைகளில் தவித்தோருக்குத் தோணி கொண்டு போனவர், தமக்கொரு படகின்றித் தீவில் உயிர் துறந்தார். அவர் உடல் கோவாவில் உள்ளது. 1622இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

இன்று கடலில் ஆபத்து நேர்ந்தால் உதவ, 1977இல் தொடங்கப்பெற்ற இந்தியக் கடலோரக் காவல் படை இருக்கிறது. எனினும் தாமாக முன்வரும் கைகளின் தேவை குறையவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, திருவனந்தபுரம், கொல்லம் கரைகளின் மீனவர்கள் தம் பிழைப்புக்குரிய படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

மணப்பாட்டிலிருந்து சென்ற இருபது தோணிகளில் துடுப்புப் போட்டவர்களின் பெயர்களை வரலாறு எழுதி வைக்கவில்லை. சவேரியாரோடு அவர்களையும் நாம் நன்றியோடு நினைப்போம். நாம் எல்லோரும் கடலில் இறங்கப் போவதில்லை. ஆனால் நம் வகுப்பிலும் தெருவிலும் பாறைமேல் ஒதுங்கியவர்போல் துணையின்றி நிற்போர் உண்டு. அவர்களுக்கு உதவ முயன்று ஒருமுறை தோற்றால் திரும்பிவிடாமல், வேறு வழியைத் தேடி நடப்போமாக. அதுவே புனித சவேரியாருக்கு நாம் எடுக்கும் உண்மையான விழாவாகும்.