இந்திரலால் ராய்: இயந்திரத்தை நேசித்த இளவல்

விழா மலர்களிலே பெரும்பாலும் இடம்பெறுவன, நீண்ட நாள் வாழ்ந்து, பல பதவிகள் வகித்து, பேரும் புகழும் ஈட்டி மறைந்த பெரியோரின் வரலாறுகளேயாம். ஈண்டு வரையப்படுவது இருபதாண்டு நிரம்புமுன் மறைந்த ஓர் இளைஞரின் வரலாறு. அவர் நம் கல்லூரியிற் கற்றவரல்லர். நம் தீவிற் பிறந்தவருமல்லர். எனினும், தெருவிலே ஒரு மோட்டார் வண்டி நின்றுவிட்டால் அதனைச் சூழ்ந்து நின்று உள்ளே எட்டிப் பார்க்கும் பிள்ளைகள் நம் புத்தளக் கரையோரத்திலும் உளர். படகிலே பூட்டிய எஞ்சின் மாறுபட்டு ஒலித்தால், பழுது எங்கேயென்று கரையில் நின்றபடியே கூறவல்ல மாணவரையும் நாம் அறிவோம். அத்தகைய பிள்ளையொருவரே இந்திரலால் ராய்.

அன்னார் 1898ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 2ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் பியாரிலால் ராய் ஒரு பாரிஸ்டர். கிழக்கு வங்கத்துப் பாரிசால் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட செல்வக் குடும்பம் அவருடையது. தாயார் லலிதா ராய் கல்வியும் துணிவும் ஒருங்கே வாய்ந்தவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி 1911ஆம் ஆண்டு இலண்டன் நகரில் நிகழ்ந்த பெரும் ஊர்வலத்திலே இந்தியப் பெண்களுடன் சேர்ந்து நடந்தவர். தமையனார் பரேஷ் லால் ராய் குத்துச்சண்டையிற் சிறந்து விளங்கி, பிற்காலத்தில் இந்தியக் குத்துச்சண்டையின் தந்தையெனப் போற்றப்பெற்றார். பிள்ளைகளின் கல்வியின் பொருட்டு இக்குடும்பம் இலண்டனிற் குடியேறியது. ஆதலின், இந்திரலால் வளர்ந்ததும் கற்றதும் அந்நகரிலேயாம். ஹமர்சிமித்திலுள்ள சென். போல்ஸ் பாடசாலையில் அவர் பயின்றார். அப்பாடசாலையின் மாணவர் படையிலும் சேர்ந்திருந்தார்.

அவரிடம் ஒரு மோட்டார்ச் சைக்கிள் இருந்தது. அக்காலத்து மோட்டார்ச் சைக்கிளைச் செலுத்துபவன் அதனைத் திருத்தவும் அறிந்திருத்தல் வேண்டும். எண்ணெய் பூசிய கைகளோடு தெருவோரத்தில் அமர்ந்து, கழற்றிய உறுப்பை மீண்டும் பொருத்தும் பொறுமை இல்லாதவனுக்கு அது பயன்படாது. அவ்வண்டி அவருக்கு ஓர் உடைமை மாத்திரமன்று. இயந்திரம் எவ்வாறு மூச்சுவிடுகின்றதென்று கற்பித்த ஆசிரியருமாகும்.

1914ஆம் ஆண்டு முதலாம் உலகப் போர் மூண்டது. பாடசாலையை விட்டு வெளியேறும் பருவம் வந்தபோது, இந்திரலால் பிரித்தானிய அரச பறக்கும் படையிற் சேர விண்ணப்பித்தார். கண்பார்வை குறைபாடுடையதென்று கூறி மருத்துவர் அவரை நிராகரித்தனர். வேறொருவராயின் அத்துடன் வீடு திரும்பியிருப்பார். இந்திரலாலோ தம் மோட்டார்ச் சைக்கிளை விற்றார். அப்பணத்தைக் கொண்டு பெயர்பெற்ற கண் வைத்திய நிபுணர் ஒருவரிடம் மீண்டும் பரிசோதனை செய்வித்தார். அந்நிபுணரின் முடிவு அவருக்குச் சாதகமாயிற்று. முன்னைய தீர்ப்பு மாற்றப்பட்டது. இவ்வாறு, ஓர் இயந்திரத்தைப் பிரிந்தே மற்றோர் இயந்திரத்தை அவர் அடைந்தார்.

1917ஆம் ஆண்டு ஏப்ரிலிற் பயிற்சி தொடங்கியது. அவ்வாண்டு யூலை 5ஆம் நாள் அவர் இரண்டாம் லெப்டினன்ட் பதவி பெற்றார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. இதன் அருமையை இக்கால மாணவர் உணர்தல் வேண்டும். இந்தியப் படையின் போர்ப் பிரிவுகளில் அரசரின் ஆணை பெற்ற அதிகாரியாகும் வாயில் அந்நாளில் இந்தியருக்கு அடைபட்டிருந்தது. அது சிறிதளவு திறக்கப்பட்டது அவ்வாண்டு ஓகஸ்டிலேதான். பறக்கும் படையில் அதிகாரிகளாகிப் போர்முனை சென்ற இந்தியரோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ஹர்தித் சிங் மாலிக், எரோல் சந்திர சென், ஸ்ரீ கிருஷ்ண வெலிங்கர், இந்திரலால் ராய் ஆகிய நால்வரே பெரிதும் அறியப்பட்டோர். அவருள் முன்னைய இருவரே உயிருடன் தாயகம் மீண்டனர்.

இந்திரலால் செலுத்திய விமானம் எஸ்.ஈ.5ஏ என்பது. மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் செல்லவல்ல ஒற்றை ஆசன விமானம் அது. அதன் இயந்திரத்தின் வரலாறு மோட்டார் விருப்புடையோருக்குச் சுவை தருவதாகும். 1904ஆம் ஆண்டு பார்சலோனா நகரில் மோட்டார் வண்டி செய்வதற்கென நிறுவப்பட்டது இஸ்பானோ சுவீசா. அதன் பொறியியலாளரான சுவிற்சர்லாந்து நாட்டவர் மார்க் பிர்கிக்ட், எட்டு உருளைகளை இரு வரிசையாக அமைத்து, வரிசை ஒவ்வொன்றையும் ஒரே அலுமினிய வார்ப்பாகச் செய்து, பாரங் குறைந்த ஓர் இயந்திரத்தை ஆக்கினார். அவ்வியந்திரமோ, அதன் வழிவந்ததாய், மோட்டார் வண்டி செய்தோரான வொல்ஸ்லி நிறுவனத்தார் ஆக்கிய வைப்பர் இயந்திரமோதான் எஸ்.ஈ.5ஏ விமானங்களை இயக்கியது. தெருவில் ஓடிய அறிவே வானிற் பறந்தது எனலாம்.

தெருவை நேசித்த பலரும் அவ்வாறே வானுக்குச் சென்றனர். 1912ஆம் 1913ஆம் ஆண்டுகளில் பிரான்சின் பெரும் மோட்டார்ப் பந்தயத்தைத் தொடர்ந்து வென்ற ஜோர்ஜ் புவாலோ, விமானியாகி 1916இற் போரில் மாண்டார். பிரெஞ்சு விமானவீரர் ஜோர்ஜ் கின்மேர் 1917 செப்ரெம்பரில் மறைந்தார். அவருடைய படைப்பிரிவின் சின்னம் நாரை. போர் முடிந்தபின் இஸ்பானோ சுவீசா மோட்டார் வண்டிகளின் முகப்பிலே பறக்கும் நாரையின் உருவம் பொருத்தப்பட்டது. மோட்டார் உலகத்தார் தம்முள் ஒருவருக்காகத் துக்கங் காத்த முறை அது. இந்திரலாலுக்கு அத்தகைய சின்னம் எதுவும் எவ்வண்டியிலும் அமையவில்லை.

1917 ஒக்டோபர் இறுதியில் அவர் 56ஆம் படைப்பிரிவிற் சேர்ந்தார். டிசெம்பர் 6ஆம் நாள் அவருடைய விமானம் வீழ்ந்து நொறுங்கியது. நினைவிழந்து கிடந்தவரை இறந்தாரெனக் கருதிப் பிணவறையில் இட்டனர் என்றும், நினைவு மீண்டு அவர் கதவைத் தட்டியபோது காவலர் அஞ்சி நடுங்கினர் என்றும் ஒரு செய்தி வழங்கிவருகின்றது. ஐயமின்றி அறியப்படுவது வேறொன்று. நோயுற்றிருந்த அந்நாட்களில் அவர் எழுதுகோலெடுத்து விமானங்களை வரைந்துகொண்டிருந்தார். அவ்வோவியங்களுட் பல இன்றும் பேணப்படுகின்றன. தம்மைக் கொல்லத் தலைப்பட்ட பொருளையே மீண்டும் மீண்டும் அன்போடு வரைந்த அக்கையை எண்ணும்போது, அவர் போர்வீரராகுமுன் யாராயிருந்தார் என்பது நமக்குத் தெளிவாகின்றது.

விமானஞ் செலுத்தத் தகுதியற்றவரென மருத்துவர் மீண்டும் கூறினர். அவரும் மீண்டும் மன்றாடித் தம் எண்ணத்தை நிறைவேற்றினார். 1918 யூனில் 40ஆம் படைப்பிரிவில், அயர்லாந்து வீரரான கப்டன் ஜோர்ஜ் மக்எல்ராயின் கீழ் அமர்த்தப்பட்டார். முன்னரே புகழ்பெற்றிருந்த மக்எல்ராய், இவ்விளைஞருக்கு வான்போரின் நுட்பங்களைக் கற்பித்தார். அதன்பின் நிகழ்ந்தது வியப்பிற்குரியது. யூலை 6ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரையுள்ள குறுகிய காலத்தில் இந்திரலால் பத்து வெற்றிகளை ஈட்டினார். அவற்றுள் இரண்டு தோழரோடு பகிர்ந்தவை. யூலை 8ஆம் நாள் நான்கு மணி நேரத்துள் மூன்று விமானங்களை வென்றார். இங்ஙனம் வென்ற முதல் இந்திய விமானவீரர் அவரே.

யூலை 22ஆம் நாள், பிரான்சின் வடபகுதியிலுள்ள கார்வின் என்னும் ஊரின் மேல், ஜேர்மானியரின் பொக்கர் விமானங்களோடு நிகழ்ந்த போரில் அவருடைய விமானம் தீப்பற்றி வீழ்ந்தது. பத்தொன்பது வயதும் ஏழு மாதமும் இருபது நாளுமே அவர் வாழ்ந்தார்.

அந்நாள் ஆடி மாதத்திலே அமைந்தது. ஆடியில் நம் கரையோரத்து உடப்பூரிலே திரௌபதை அம்மன் ஆலயத்திற் பாரதக் கதை நினைவுகூரப்படும், தீமிதிப்பு நிகழும். அக்கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, சக்கர வியூகத்துட் புக அறிந்து வெளிவர அறியாத அபிமன்யுவை இவ்விடத்தில் நினையாதிருத்தல் அரிது. இவ்வொப்புமை வெறும் அலங்காரமன்று. அப்போரிற் பிரித்தானிய விமானிகளுக்குப் பரசூட் வழங்கப்படவில்லை. விமானம் தீப்பற்றினால் வெளியேற வழி இல்லை. வியூகத்துட் புகும் வித்தையை இளைஞருக்குப் பயிற்றியோர், மீளும் வழியை அவருக்கு ஆக்கிக் கொடுத்தாரிலர். இயந்திரத்தின்மேல் ஒரு பிள்ளை கொண்ட காதலைப் போர் தனக்குப் பயன்படுத்திக்கொண்டது. அப்பிள்ளையைக் காக்க வேண்டிய கடமையை அது பொருட்படுத்தவில்லை.

அவருக்குக் கற்பித்த மக்எல்ராயும் ஒன்பது நாட்களின் பின், யூலை 31ஆம் நாள், போரில் மாண்டார். மாணவனுக்காகத் துக்கிக்கும் அவகாசம் ஆசிரியருக்கும் நீடிக்கவில்லை. செப்ரெம்பரில் இந்திரலாலுக்குச் சிறந்த பறப்புச் சிலுவை விருது அறிவிக்கப்பட்டது. அதனைப் பெற்ற முதல் இந்தியர் அவர். பிரான்சின் எஸ்தவெல் கிராமத்து மயானத்தில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளது. கல்லறையிலே பிரெஞ்சு மொழியோடு வங்க எழுத்துக்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1998இல் இந்திய அரசு அவருக்கென அஞ்சல் தலை வெளியிட்டது.

இவரை நம் மாணவருக்கு எடுத்துக்காட்டாகக் கூறலாமா என்று சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. அவர் போரிட்டது அந்நிய ஏகாதிபத்தியத்தின் பொருட்டு. அப்போரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றோர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். போர் முடிந்து ஆறு மாதம் ஆகுமுன், 1919 ஏப்ரில் 13ஆம் நாள், அதே ஆட்சியின் துப்பாக்கிகள் அமிர்தசரசில் நிராயுதபாணிகளான மக்களைச் சுட்டன. நம் தீவிலும் அதே அரசரின் சீருடை தரித்த கொழும்பு நகரக் காவற்படைக் கப்டன் ஹென்றி பேதிரிஸ், இராணுவச் சட்டத்தின்கீழ் 1915 யூலை 7ஆம் நாள் வெலிக்கடையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது இருபத்தாறு. சீருடை அணிந்த இளைஞருக்கு அதனை அளித்தோர் காட்டிய நன்றி அத்தகையது.

ஆயினும், ஆட்சியின் குற்றத்தை இளைஞரின் தலையில் ஏற்றுதல் முறையன்று. இளைஞரின் வீரத்தை ஆட்சியின் பெருமையாக்குதலும் முறையன்று. அவர் வீழ்த்திய விமானங்களை எண்ணி வியப்பதோடு நாம் நின்றுவிட்டால், அவற்றுள் இருந்தோரும் இயந்திரத்தை நேசித்த இளைஞரே என்பதை மறந்தோராவோம்.

நம் மாவட்டம் போரை அறியாத மாவட்டமன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் புத்தளத்தருகே பிரித்தானியக் கடற்படை விமானத்தளம் இருந்தது. சேற்றில் அகப்பட்ட விமானங்களை யானைகள் இழுத்தன. பின்னர், 2009இல் முடிவுற்ற உள்நாட்டு யுத்தம் இத்தீவின் எல்லா இனத்து வீடுகளிலும் துயரை விதைத்தது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் இக்கரைக்கே வந்து சேர்ந்தனர். சுவரில் மாலையிட்ட படமாக மாத்திரம் எஞ்சிய பிள்ளைகள் பலர். அப்படத்திலே சீருடை இருக்கலாம், இல்லாதுமிருக்கலாம். எந்தப் பக்கத்தில் நின்றான் என்ற வினாவோடு நம் துக்கம் முடிந்துவிடலாகாது. அவன் எதனை நேசித்தான், அவன் கை எதனைச் செய்ய விழைந்தது என்றும் கேட்டல் வேண்டும். இந்திரலாலைப் பொறுத்தவரை விடை தெளிவானது: ஒரு மோட்டார்ச் சைக்கிளும் சில ஓவியங்களும்.

நம் கல்லூரி மாணவருள் மோட்டாரிலும் இயந்திரத்திலும் நாட்டமுடையோர் பலர். அவர்தம் விருப்பம் தொழிலாக, ஆராய்ச்சியாக, மக்களுக்குப் பயன்படும் அறிவாக மலர இடமளித்தல் ஆசிரியரினதும் பழைய மாணவரினதும் கடனாகும். தடை கூறப்பட்டபோது தளராது மறுபரிசோதனை வேண்டிய இந்திரலாலின் உறுதியை அவர்கள் பெறுக. அவருக்குக் கிட்டாத நீண்ட ஆயுளும் அவர்களுக்குக் கிட்டுவதாக. அன்னாரின் நினைவு நிலைப்பதாக.