ஹெரால்டு மால்கம் வெஸ்டர்கார்ட்

ஹெரால்டு மால்கம் வெஸ்டர்கார்ட் (அக்டோபர் 9, 1888 - ஜூன் 22, 1950) டென்மார்க்கில் பிறந்த அமெரிக்கக் கட்டமைப்புப் பொறியியலாளர் ஆவார். கனரக ஊர்திகளைத் தாங்கும் கான்கிரீட் தளங்களில் தோன்றும் தகைவுகளைக் கணிக்கும் கோட்பாட்டை உருவாக்கியவர் என்ற வகையில் இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

கோபன்ஹேகனில் பிறந்த இவர், அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் 1911 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனியில் லுட்விக் பிராண்டிலிடம் பயின்றார். 1914 இல் அமெரிக்கா சென்று, 1916 இல் இலினொய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியரானார். 1936 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராகி, 1937 முதல் 1946 வரை அதன் பொறியியல் பட்டமேற்படிப்புப் பிரிவின் தலைவராக இருந்தார்.

தளக் கோட்பாடு

1920களின் தொடக்கத்தில் கான்கிரீட் சாலையின் தடிமன் பெரும்பாலும் அனுபவத்தைக் கொண்டே முடிவு செய்யப்பட்டது. இலினொயில் அமைக்கப்பட்ட பேட்ஸ் சோதனைச் சாலையில் பாரமேற்றிய லாரிகளை ஓட்டியபோது, பலகங்களின் மூலைகள் உடைந்தன. கான்கிரீட் அழுத்தத்தை நன்கு தாங்கும். ஆனால் அதன் இழுவலிமை அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. எனவே பலகம் வளையும்போது விரிசல் விழுகிறது.

வெஸ்டர்கார்ட் 1926 இல் வெளியிட்ட ஆய்வில், மண்ணை நெருக்கமான சுருள்விற்களின் படுக்கையாகக் கொண்டார். பலகத்தின் உட்பகுதி, விளிம்பு, மூலை என்னும் மூன்று இடங்களில் சக்கரம் நிற்கும்போது எழும் தகைவுகளுக்குத் தனித்தனிச் சமன்பாடுகள் தந்தார். ஒரே சக்கரம் உட்பகுதியைவிட விளிம்பிலும் மூலையிலும் மிகுந்த தகைவை உண்டாக்கும் என்பது இதனால் தெளிவாயிற்று. பகல், இரவு வெப்ப வேறுபாட்டால் பலகம் வளைவதையும் இவர் ஆராய்ந்தார். பின்னர் வானூர்தி நிலையத் தளங்களுக்கான புதிய சூத்திரங்களை 1948 இல் வெளியிட்டார்.

பிற பணிகள்

ஹூவர் அணையின் வடிவமைப்பு ஆய்வில் பங்கேற்றார். நிலநடுக்கத்தின்போது அணையின்மீது நீர் செலுத்தும் அழுத்தம் பற்றிய இவரது கட்டுரை 1933 இல் வெளிவந்தது.

இந்தியாவில் தாக்கம்

கான்கிரீட் சாலைகளுக்காக இந்திய சாலைகள் காங்கிரஸ் 1974 இல் வெளியிட்ட வழிகாட்டி, இவரது சமன்பாடுகளை விளிம்புக்கு டெல்லர், சதர்லேண்ட் ஆகியோரும் மூலைக்குக் கெல்லியும் திருத்திய வடிவில் ஏற்றுக்கொண்டது. பிந்தைய பதிப்புகளில் கணினிவழிப் பகுப்பாய்வு இடம்பெற்றாலும், மண்ணின் தாங்குதிறனை அளக்க இவர் பயன்படுத்திய குணகம் இன்றும் பயன்படுகிறது.

சிமெண்ட் ஆலையும் லாரித் தொழிலும் கொண்ட சங்ககிரி போன்ற ஊர்களுக்கு இக்கோட்பாடு நேரடியாகப் பொருந்தும். சரக்கேற்றிய லாரிகள் நிற்கும் முற்றத்தில், மொத்த எடையை மட்டும் கொண்டு தடிமனை முடிவு செய்ய இயலாது. ஒவ்வொரு சக்கரத்தின் சுமை, அது இணைப்பிலிருந்து நிற்கும் தொலைவு, அடிமண்ணின் உறுதி, கோடை வெயிலின் வெப்ப வேறுபாடு ஆகிய அனைத்தும் கணக்கில் சேர வேண்டும்.