பஸ் மோதி உடைந்த உடம்பு... குறி தப்பாத அடி! யார் இந்த பென் ஹோகன்?

கிரிக்கெட்டில் பேட்டோட நடுவுல பந்து பட்டா, அந்தச் சத்தமே தனி. கோல்ஃபிலும் அதே கதைதான். கிளப்பின் முகப்பில் ‘ஸ்வீட் ஸ்பாட்’ என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கே பட்டால் பந்து நேராக, தூரமாகப் போகும். கொஞ்சம் ஓரமாகப் பட்டாலும் கிளப் கையிலேயே திருகிக்கொள்ளும். தூரம் குறையும், திசையும் மாறும். அந்த இடத்தைப் பிடிக்கவே ஆயுசு முழுக்க உழைத்தவர் பென் ஹோகன்.

1912-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்தவர். அப்பா கொல்லர். ஹோகனுக்கு 9 வயதானபோது அவர் தற்கொலை செய்துகொண்டார். குடும்பக் கஷ்டத்துக்காக பேப்பர் விற்ற சிறுவன், பிறகு ஃபோர்ட் வொர்த்தில் கோல்ஃப் பை தூக்கும் ‘கேடி’ ஆனான்.

17 வயதில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டார். ஆனால் ஜெயிக்க முடியவில்லை. அடிக்கிற பந்தெல்லாம் இடதுபக்கம் வளைந்து ஓடியது. கையில் காசு தீர்ந்து, போட்டிகளை விட்டுவிட்டு ஊர் திரும்பியதும் உண்டு.

அன்றைக்கு பலர் போட்டிக்கு முன்னாடி நாலு பந்து அடிப்பதோடு சரி. ஹோகனோ ஆட்டம் முடிந்த பிறகும் மணிக்கணக்கில் அடிப்பார். கிளப்பைப் பிடிக்கும் விதத்தையே மாற்றினார். 1940-ல் பைன்ஹர்ஸ்டில் முதல் தனிநபர் பட்டம் கிடைத்தது. அடுத்தடுத்து மூன்று போட்டிகளில் வெற்றி!

1949 பிப்ரவரி 2. மூடுபனியில் வந்த கிரேஹவுண்ட் பஸ் அவரது கார் மீது நேருக்கு நேர் மோதியது. மனைவி வேலரியைக் காப்பாற்ற குறுக்கே பாய்ந்தார் ஹோகன். அந்தப் பாய்ச்சல்தான் அவர் உயிரையும் காப்பாற்றியது. இல்லாவிட்டால் உள்ளே புகுந்த ஸ்டியரிங் நெஞ்சைத் துளைத்திருக்கும். இடுப்பெலும்பு, காறை எலும்பு, கணுக்கால் எல்லாம் உடைந்தன. போதாததற்கு ரத்தக்கட்டிகள் வேறு. நடப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது.

16 மாதம்தான். 1950 யுஎஸ் ஓப்பன், மெரியன் மைதானம். கால்களில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரே நாளில் 36 ஹோல்கள். கடைசி ஹோலில் அவர் எடுத்தது 1-அயர்ன். முகப்பு மெலிசு, ஸ்வீட் ஸ்பாட் ரொம்பச் சின்னது, தேர்ந்தவர்களே தொடத் தயங்கும் கிளப். பந்து கச்சிதமாக கிரீனில் போய் நின்றது. மறுநாள் பிளேஆஃபில் கோப்பை அவருக்கே.

1953-ல் மாஸ்டர்ஸ், யுஎஸ் ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் என மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றார். அதே ஆண்டு கிளப் தயாரிக்கும் கம்பெனியும் தொடங்கினார். முதலில் வந்த சரக்கு தரமில்லை என்று விற்காமலே ஒதுக்கிவிட்டார். 1997-ல் காலமானார்.

மெரியனில் அடித்த அந்த 1-அயர்ன் அப்போதே திருடு போனது. 1983-ல் ஒரு பழைய செட்டில் கிடைத்தது. முகப்பில் ஸ்வீட் ஸ்பாட் பக்கத்தில் நாணய அளவுக்கு ஒரே ஒரு தேய்மானம். கிளப்பைப் பார்த்த ஹோகன், தன்னுடையதுதான் என்று உறுதி செய்தார். இப்போது அது அமெரிக்க கோல்ஃப் சங்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.