பலூன் விற்ற மாப்பிள்ளை... லாரிக்காரர்கள் தேடிய டயர்!

நெய்வேலி டவுன்ஷிப்பில் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எல்லா ஊர் ரோடும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுவார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ரோடு, ரெண்டு பக்கமும் மரம், வட்டத்துக்கு வட்டம் அகலமான திருப்பம். ஆர்ச் கேட்டைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் நிஜம் தெரியும்.

என் பெரியப்பா மகனுக்கு அது தெரிந்தது போன மார்ச்சில். ரெண்டு கதவு வைத்த ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தான் அண்ணன். டயரில் பட்டன் தேய்ந்துவிட்டதால் புதுசு மாத்தணும். கம்பெனி கொடுத்தது 17 இன்ச் வீல். இவனோ லுக்குக்காக 18 இன்ச் அலாய் வீல், அதற்கு ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் விரும்பும் சாஃப்ட்டான டயர் என்று செலவைப் பார்க்காமல் போட்டான். டவுன்ஷிப்புக்குள் வண்டி தண்டவாளத்தில் போகிற மாதிரி போனது. மூணாவது மாதம், பண்ருட்டி போகும் வழியில் ஒரே ஒரு பள்ளம். மறுநாள் காலையில் பார்த்தால் முன் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சை சைஸில் ஒரு வீக்கம். உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுந்து, காற்று வெளிப்பக்க ரப்பரைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அதற்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அந்த டயர் கடையில் அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தபோது, சுவரில் ரெண்டு கையாலும் டயரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார் ஒருத்தர். நம்ம எம்.ஆர்.எஃப். மசில்மேன். நம்ம தலைமுறைக்கு எம்.ஆர்.எஃப். என்றால் சச்சின் பேட்டில் இருந்த ஸ்டிக்கர், இல்லையென்றால் 2023 ஜூனில் ஒரு ஷேர் விலை 1 லட்சம் ரூபாயைத் தொட்டதே, அந்த நியூஸ். அதை ஆரம்பித்த மனிதருக்கும் அண்ணனுக்கு வந்த அதே பிரச்னைதான் வந்தது. என்ன, அவருக்கு ஒரு டயரில் இல்லை, மொத்த ஃபேக்டரியிலும் வந்தது.

சொத்து போன வீடு

அவர் பெயர் கே.எம்.மம்மன் மாப்பிள்ளை. பெயரில் இருக்கும் மாப்பிள்ளை, கல்யாண மாப்பிள்ளை இல்லை. கேரள சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களில் வழங்கும் மரியாதைப் பெயர். 1922 நவம்பரில் பிறந்தார். அப்பா கே.சி.மம்மன் மாப்பிள்ளை மலையாள மனோரமா பத்திரிகையை நடத்தியவர். திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க்கையும் அவர்தான் நடத்தினார். அந்தக் காலத்தில் தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் அதுவும் ஒன்று.

சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் சர் சி.பி.ராமசாமி ஐயர். அவருக்கும் பத்திரிகைக்கும் ஆகவில்லை. 1938-ல் எல்லாம் ஒரே நேரத்தில் இடிந்தது. வங்கி மூடப்பட்டது, பத்திரிகைக்குப் பூட்டு விழுந்தது, அப்பா சிறைக்குப் போனார். பையனுக்கு அப்போது 15, 16 வயது.

அதன்பிறகு சென்னை. தாம்பரத்தில் இருக்கும் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜில் படித்தார். ஹாஸ்டல் செயின்ட் தாமஸ் ஹால் தரையில் படுத்துத் தூங்கியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பேங்க் முதலாளியின் பிள்ளை! படித்து முடித்ததும் மனைவி குஞ்சம்மாவோடு வாழ்க்கையை ஆரம்பிக்கும்போது கையில் பரம்பரைச் சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

1946-ல் திருவொற்றியூரில் ஒரு ஷெட் போட்டார். அதில் செய்தது என்ன தெரியுமா? குழந்தைகள் விளையாடும் பலூன். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். பலூன் வடிவத்தில் அச்சு, ரப்பர் பால், காயவைக்க இடம். அச்சை பாலில் முக்கி எடு, காயவை, சூட்டில் பதப்படுத்து, உரித்து எடு. செய்ததைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைத் தெருக்களில் அவரே கடை கடையாக ஏறி இறங்கி விற்றார். 1949-ல் தம்பு செட்டித் தெரு 334-ம் எண்ணில் ஒரு ஆபீஸ் வந்தது.

கோட்டீஸ்வரர் கதைகளில் இந்த பலூன் கட்டத்தை ரெண்டு வரியில் தாண்டிவிடுவார்கள். நான் அப்படித் தாண்ட மாட்டேன். ரப்பர் சூட்டுக்கு எப்படி மாறும், கலவையில் ஒரு பொருள் கூடினால் குறைந்தால் என்ன ஆகும் என்பதை அவர் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அந்த ஷெட்தான்.

மொட்டை டயருக்கு மறுவாழ்வு

1952-ல் அவர் ட்ரெட் ரப்பருக்கு மாறினார். இது என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். லாரி டயர் மொட்டையாகிவிட்டால் உடனே தூக்கிப்போட மாட்டார்கள். உடம்பு நன்றாக இருந்தால் மேல்பகுதியைச் சுரண்டி, அதன்மேல் புது ரப்பர் பட்டையை வைத்து, அச்சில் போட்டு வேகவைத்து, திரும்ப பட்டன் போட்ட டயராக ஆக்குவார்கள். அதுதான் ரீட்ரெடிங். அந்தப் பட்டைதான் ட்ரெட் ரப்பர்.

அவருடைய உறவினர் ஒருவர் ரீட்ரெடிங் தொழில் செய்தார். அவரைப் போன்றவர்களுக்கு ட்ரெட் ரப்பர் சப்ளை செய்தது வெளிநாட்டு கம்பெனிகள். அவர்கள் வைத்ததுதான் விலை. இதை நாமே செய்தால் என்ன என்று பலூனில் சேர்த்த பணத்தையெல்லாம் இதில் இறக்கினார் மாப்பிள்ளை.

பலூன் உடைந்தால் குழந்தை அழும். ட்ரெட் ரப்பர் உரிந்தால் லாரிக்காரரின் ஒரு மாசச் சம்பாத்தியம் போகும். வாங்குபவர் சொந்தக் காசில் வாங்குகிறார், வண்டியே அவருக்கு வாழ்க்கை. புது லாரியில் வரும் டயரை கம்பெனி தேர்ந்தெடுக்கும். மாற்று டயரைத் தேர்ந்தெடுப்பவர் உரிமையாளர். மாப்பிள்ளை வியாபாரம் படித்தது இந்த ரெண்டாவது ஆளிடம். 1956-க்குள் நாட்டின் ட்ரெட் ரப்பர் விற்பனையில் பாதி அவர் கைக்கு வந்துவிட்டது. விலையைக் குறைத்துப் பார்த்த வெளிநாட்டு கம்பெனிகள் கடைசியில் அந்தத் தொழிலைவிட்டே விலகின.

கடன் வாங்கிய டெக்னாலஜி

அடுத்தது டயர். அப்போது இந்தியாவில் டயர் என்றால் டன்லப், ஃபயர்ஸ்டோன், குட்இயர். எல்லாம் வெளிநாட்டு ஜாம்பவான்கள். சென்னைக்குப் பக்கத்திலேயே அம்பத்தூரில் டன்லப் இருந்தது. ஃபேக்டரி போனாலும் டன்லப் என்ற பஸ் ஸ்டாப் பெயர் போகவில்லை, பாருங்கள்.

1960 நவம்பரில் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி தனியார் நிறுவனமாகப் பதிவானது, 1961-ல் பொது நிறுவனமானது. டயர் செய்யத் தெரியாதே? அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தைச் சேர்ந்த மான்ஸ்ஃபீல்டு டயர் அண்ட் ரப்பர் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். எங்க ஊர்க்காரர்களுக்காக ஒரு சின்ன சேதி: நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை எல்லாம் அள்ளிக் கொட்டி, முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டதும் அதே 1961-ல்தான், ஆகஸ்ட்டில்.

டயர் வந்தது. சிக்கலும் வந்தது. மான்ஸ்ஃபீல்டிடமிருந்து வந்த தொழில்நுட்பம் நம்ம ரோட்டுக்குச் செட் ஆகவில்லை. அமெரிக்க ஹைவே வழவழப்பு. சுமைக்கு அங்கே கணக்கு உண்டு. இங்கே 10 டன் லாரியில் எத்தனை டன் ஏறும் என்பது கடவுளுக்கும் லோடுமேனுக்கும்தான் தெரியும். மேலே மே மாத வெயில், கீழே கொதிக்கிற தார், நடுவில் டயர்.

டயருக்கு முதல் எதிரி ஆணி இல்லை, சூடு. ஒவ்வொரு சுற்றிலும் டயர் தரையில் அமுங்கி நிமிர்கிறது. அந்த அமுங்கலில் ஒரு பகுதி சூடாக மாறும். சுமை கூடினால் சூடு கூடும், காற்று குறைந்தாலும் சூடு கூடும். சூடு எல்லை தாண்டினால் உள்ளே அடுக்கடுக்காக ஒட்டியிருப்பது பிரிய ஆரம்பிக்கும். குளிர் தேசத்துக்குப் பொருந்துகிற கலவை இங்கே அப்படியே பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பலூன்காரனுக்கு எதற்கு டயர் என்று கேட்கக் காத்திருந்தவர்களுக்கு இது கொண்டாட்டமாக இருந்திருக்கும். மாப்பிள்ளை மூட்டை கட்டவில்லை. வாங்கிய தொழில்நுட்பத்தை வைத்துக்கொண்டே, நம்ம ரோட்டுக்கும் நம்ம சுமைக்கும் ஏற்ற மாதிரி டயரை மாற்ற சொந்த ஆராய்ச்சியில் இறங்கினார். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் பெரிய முடிவு டயர் ஃபேக்டரி கட்டியது இல்லை, இதுதான். காசு கொடுத்து வாங்கிய அமெரிக்க ஃபார்முலாவைத் தப்பு என்று ஒத்துக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும். அண்ணனுக்கு அந்த தைரியம் வர மூணு வாரம் ஆனது!

லாரிக்காரரிடம் கேட்டார்கள்

விளம்பரம் செய்ய அலிக் பதம்ஸீயைப் பிடித்தார்கள். பின்னாளில் ரிச்சர்ட் அட்டன்பரோவின் காந்தி படத்தில் ஜின்னாவாக நடித்தாரே, அவரேதான். அவர் லாரி டிரைவர்களிடம் டயர் எப்படி இருக்க வேண்டும் என்று விசாரித்தார். டிரைவர்களுக்கு அழகு வேண்டாம், வேகம் வேண்டாம். பலம் வேண்டும், அவ்வளவுதான். 1964-ல் மசில்மேன் பிறந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தப் படம் புரிந்தது. ஹைவே ஓரப் பஞ்சர் கடை தகரத்தில் எல்லாம் அவர் நின்றார்.

1967-ல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு டயர் ஏற்றுமதி செய்த முதல் கம்பெனி ஆனது எம்.ஆர்.எஃப். டெக்னாலஜி எந்த நாட்டிலிருந்து வந்ததோ அதே நாட்டுக்கு. 1973-ல் நைலான் டயர். 1979-ல் மான்ஸ்ஃபீல்டு தன் பங்கை விற்றுவிட்டு விலக, கம்பெனியின் பெயரும் எம்.ஆர்.எஃப். லிமிடெட் என்று சுருங்கியது. 1987-ல் சென்னையில் டென்னிஸ் லில்லியை வைத்து பேஸ் ஃபவுண்டேஷன். ஃபாஸ்ட் பௌலர் ஆகணும் என்று அங்கே வந்த ஒரு பையனை லில்லி பேட்டிங் பக்கம் அனுப்பிவைத்தார். அந்தப் பையன் பேட்டில்தான் பிறகு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மோட்டார் ரேஸிலும் கம்பெனி பெயர் நிலைத்தது. 1992-ல் மாப்பிள்ளைக்கு பத்மஸ்ரீ. 2003 மார்ச்சில், 80 வயதில் சென்னையில் காலமானார்.

அண்ணன் எதை வாங்கினான்?

திரும்ப டயர் கடைக்கு வருவோம். இந்த முறை அண்ணன் யூடியூப் ரேஸ் வீடியோ பார்க்கவில்லை. டயரின் பக்கவாட்டைப் படித்தான். நீங்களும் உங்க வண்டியில் குனிந்து பாருங்கள், எல்லாம் அதில் எழுதியிருக்கும்.

225/45 R17 91W என்று இருந்தால், 225 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 45 என்பது அந்த அகலத்தில் பக்கவாட்டுச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. அதாவது 101 மில்லிமீட்டர். அண்ணன் ஆசைப்பட்டுப் போட்ட 225/40 R18-ல் அது 90 மில்லிமீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம், ஆனால் பள்ளத்தில் விழும்போது அமுங்கிக்கொடுக்கும் ரப்பரும் காற்றும் 11 மில்லிமீட்டர் குறைவு. அந்த 11 மில்லிமீட்டர்தான் பண்ருட்டி ரோட்டில் எலுமிச்சை ஆனது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். W என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர் வரை தாங்கும், V என்றால் 240. நெய்வேலியில் 270-ல் யார் போகப் போகிறார்கள் என்று சிரிக்காதீர்கள். அந்த எழுத்து சூட்டைத் தாங்கும் அளவையும் சேர்த்துச் சொல்கிறது. கார் கம்பெனி சொன்ன எழுத்துக்கும் எண்ணுக்கும் கீழே இறங்கக் கூடாது.

அடுத்து ட்ரெட்வேர் எண். எல்லா டயரிலும் இருக்காது. இருந்தால், 200 என்பது சாஃப்ட்: நல்ல பிடி, சீக்கிரம் தேயும். 400 என்றால் நாள்பட உழைக்கும், பிடி கொஞ்சம் குறையலாம். எண்ணைப் போடுவது டயர் கம்பெனிதான் என்பதால் ஒரு கம்பெனியின் 300-ஐ இன்னொரு கம்பெனியின் 300-ஓடு ஒப்பிட்டு சண்டை போட வேண்டாம். கடைசியாக, DOT என்று தொடங்கும் வரியின் முடிவில் இருக்கும் நாலு இலக்கம். 2324 என்றால் 2024-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. டிஸ்கவுன்ட் அதிகமாகக் கொடுத்தால் முதலில் இதைப் பாருங்கள். கடையில் ரெண்டு மூணு வருஷம் படுத்திருந்த டயராக இருக்கலாம். பட்டன் உயரம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். ஆனால் கடலூர் பக்கம் ஐப்பசி மழை எப்படிப் பெய்யும் என்று தெரிந்தவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவார்கள். தண்ணீரை வெளியே தள்ள அந்தப் பள்ளங்கள்தான் வழி.

அண்ணன் பரணில் போட்டிருந்த பழைய 17 இன்ச் வீலை இறக்கினான். கார் கம்பெனி சொன்ன அதே சைஸ், அதே எழுத்து, ட்ரெட்வேர் 300-க்கு மேல், நாலும் ஒரே மாடல். ரெண்டை மட்டும் மாற்றி மீதியை ஓட்டிவிடலாமா என்று கேட்டுப் பார்த்தான். கடைக்காரர் தலையை ஆட்டவில்லை. வீல் அலைன்மென்ட் செய்து, டயர் சூடாகாத காலை நேரத்தில் காற்று பிடித்து, டவுன்ஷிப்பை ஒரு சுற்று சுற்றி வந்தான். முன்னாடி மாதிரி தண்டவாள ஃபீல் இல்லை என்று கொஞ்சம் வருத்தம்.

18 இன்ச் அலாய் வீல் இப்போது விற்பனைக்கு இருக்கிறது. நெய்வேலியில் இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.