இரவில் வந்த ரொட்டி மூட்டை

ஹிஜ்ரி 61, முஹர்ரம் பத்தாம் நாள் (கி.பி. 680). கர்பலாவில் தகப்பனாரும் சகோதரர்களும் சிறிய தந்தையரும் ஷஹீதாக, நோயுற்றுப் படுத்திருந்ததால் உயிர் தப்பியவர்கள் ஹுஸைன் (ரலி) அவர்களின் புதல்வர் அலீ (ரலி) அவர்கள். வணக்கசாலிகளின் அணி என்னும் பொருளில் உலகம் அவர்களை இமாம் ஜைனுல் ஆபிதீன் என்றழைக்கிறது. வயதோ இருபது சொச்சம். கைதியாக டமாஸ்கஸ் வரை கொண்டு செல்லப்பட்டு மதீனா திரும்பினார்கள். இத்தனை துக்கத்தைச் சுமந்தவர் உலகை வெறுத்து மூலையில் முடங்கியிருந்தால் யார்தான் குறை சொல்வார்?

பகலில் ஊரார் கண்டது அவர்களின் தொழுகையை மட்டுமே. கை இறுகியவர் என்று முணுமுணுத்தோரும் உண்டு. ஊர் உறங்கிய பின்னரோ, ரொட்டி மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து ஏழைகளின் வாசல்தோறும் செல்வார்கள். கொடுத்தவர் யாரென்று வாங்கியவருக்கே தெரியாது. நாமோ, நன்கொடைப் பட்டியலில் நம் பெயர் விடுபட்டால் முகம் சுளிக்கிறோம்!

அவர்கள் வபாத்தானது ஹிஜ்ரி 94இல் என்று பலர் எழுதியுள்ளனர். மய்யித்தைக் குளிப்பாட்டியவர்கள் முதுகில் கருத்த தழும்புகளைக் கண்டு திகைத்தனர். மூட்டை சுமந்த தழும்புகள் அவை. மதீனாவில் சுமார் நூறு வீடுகளை அவர்களே பராமரித்து வந்தார்கள் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அன்றிரவு முதல் அந்த வாசல்களுக்கு ரொட்டி வரவில்லை.