அலையைப் பாட்டாக்கிய டென்னிஸ்



நான் எழுதப்போவது டென்னிஸ் வில்சனைப் பற்றி. பெயரைப் பார்த்து விளையாட்டு வீரர்னு நினைச்சிடாதீங்க. இவர் பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கப் பாட்டுக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர்.

1944 டிசம்பர் 4-ஆம் தேதி கலிஃபோர்னியா மாநிலத்தில் பிறந்து, ஹாதார்ன் என்ற ஊரில் வளர்ந்தார். அண்ணன் பிரையன், தம்பி கார்ல். வீட்டிலேயே ரொம்பச் சேட்டை இவர்தான். அப்பாவிடம் நிறைய அடி வாங்கியிருக்கிறார். அவருக்கு உயிர் என்றால் கடல்.

பலகைமேல் நின்றுகொண்டு அலையோடு சறுக்கி வருவதற்கு சர்ஃபிங் என்று பெயர். ஹவாய்த் தீவு மக்களின் பழைய விளையாட்டு அது. அந்தக் காலத்தில் கலிஃபோர்னியா பையன்களுக்கு அதுதான் பைத்தியம்.

1961-இல் சகோதரர்கள், அத்தை மகன் மைக் லவ், நண்பர் ஆல் ஜார்டின் சேர்ந்து குழு தொடங்கினார்கள். டென்னிஸைச் சேர்க்க பிரையனுக்கு மனசில்லை. அம்மா வற்புறுத்தியதால்தான் சேர்த்தார். அந்த டென்னிஸ்தான் சர்ஃபிங்கைப் பற்றிப் பாட்டு எழுதலாம் என்று யோசனை சொன்னார். குழுவில் சர்ஃபிங் நன்றாகத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். பிரையனுக்கோ தண்ணீர் என்றாலே பயம்!

பிரையனும் மைக்கும் எழுதிய 'சர்ஃபின்' பாட்டு 1962-இல், நாட்டின் 100 பிரபலப் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 75-ஆவது இடம் பிடித்தது. அதே ஆண்டு 'சர்ஃபின் சஃபாரி' 14-ஆவது இடம். 1963-இல் 'சர்ஃபின் யு.எஸ்.ஏ.' 3-ஆவது இடம். அதே ஆண்டு பிரையனும் சேர்ந்து எழுதி, ஜான் அண்ட் டீன் என்ற இருவர் பாடிய 'சர்ஃப் சிட்டி' முதலிடத்துக்கே போய்விட்டது. கடலே இல்லாத ஊர்களிலும் ரேடியோவில் அலைப் பாட்டுதான்!

எனக்கு ஒரு வருத்தம். முதல் பாட்டுக்கு யோசனை கொடுத்த டென்னிஸின் பெயர் அதை எழுதியவர்கள் பெயரோடு இல்லை. ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1977-இல் 'பசிபிக் ஓஷன் ப்ளூ' என்ற இசைத்தட்டைத் தனியாக வெளியிட்டார். அதன் பெயரிலும் கடல்தான்.

குடிப்பழக்கம்தான் அவரைக் கெடுத்தது. 1983 டிசம்பர் 28 அன்று குடித்திருந்த நிலையில், மரினா டெல் ரே படகுத்துறையில் தண்ணீரில் குதித்தவர் மூழ்கி இறந்தார். வயது 39. அலைமேல் நிற்கத் தெரிந்தவரையே குடி மூழ்கடித்துவிட்டது. அவர் உடலைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள்.

நண்பர்களே, சேட்டைக்காரன் என்று நாம் ஒதுக்கி வைத்தவனுக்கும் நமக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருக்கும். அவனையும் சேர்த்துக்குவோம். அவன் சொன்ன யோசனைக்கு அவன் பெயரையும் போடுவோம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி