சி. சுப்பிரமணியமும் அமெரிக்கக் கோதுமையும்

அமெரிக்கச் செய்தி வராத நாளிதழ் இல்லை. இன்று இறக்குமதித் தீர்வை. நாளை விசாக் கட்டணம். மறுநாள் அந்நாட்டு ஜனாதிபதியின் சினம். தலைப்பைப் படித்த உடனே அந்நாடு நமக்கு நண்பனா பகைவனா என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அத்தலைப்புக்குப் பின்னால் எந்த மாநிலத்து உழவர், எந்தச் சபையின் எந்தக் குழு, எந்தக் கப்பல் முதலாளி நிற்கிறார் என்று பார்ப்பவர் மிகச் சிலரே. அவ்வாறு பார்த்து, கண்டறிந்ததை நாட்டின் சோற்றுக்குப் பயன்படுத்திய தமிழர் ஒருவர் இருந்தார். அவரே சி. சுப்பிரமணியம்.

கோவை மாவட்டத்தில் பொள்ளாச்சிக்கு அருகே உள்ள செங்குட்டைப்பாளையத்தில் 1910-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்றார். அறிவியல் மாணவராகிய நாம் இதைச் சற்றுப் பெருமையுடன் குறித்துக்கொள்ளலாம். பின்னர் சட்டம் படித்தார். விடுதலைப் போரில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரானார். 1952 முதல் 1962 வரை சென்னை இராஜ்யத்தில் ராஜாஜியிடமும் காமராசரிடமும் நிதி, கல்வி முதலிய துறைகளை வகித்தார். 1954-ல் தலைமைக்கு அவர் காமராசரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றவர். வென்றவரே அவரை அமைச்சராக்கிக் கொண்டார். 1962-ல் டெல்லி சென்று எஃகுத் துறையை ஏற்றார். 1964 ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி அவரிடம் உணவு, வேளாண்மைத் துறையை ஒப்படைத்தார். விரும்பிக் கேட்பார் இல்லாத துறை அது. நாடு கப்பலைப் பார்த்து வாழ்ந்துகொண்டிருந்தது.

அந்தக் கப்பல்களின் கதையைச் சிறிது கூற வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க உழவர் கோதுமையைக் குவித்தனர். விலை வீழாதிருக்க அந்நாட்டு அரசு மிகுதியை வாங்கிச் சேமித்தது. சேமிப்புச் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. இத்தலைவலிக்கு மருந்தாகவே 1954 ஜூலையில் ஐசன்ஹோவர் பி. எல். 480 என்னும் சட்டத்தில் கையெழுத்திட்டார். டாலர் இல்லாத நாடுகள் தம் சொந்த நாணயத்தைக் கொடுத்துத் தானியம் பெறலாம் என்றது அச்சட்டம். அது அமெரிக்க காங்கிரஸ் சபையில் அயல்நாட்டுக் குழுவின் வழியாக வந்ததன்று. வேளாண்மைக் குழுவின் வழியாக வந்தது. உதவியாகச் செல்லும் சரக்கில் குறைந்தது பாதியை அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களிலேயே ஏற்ற வேண்டும் என்று மற்றொரு சட்டம் அதே ஆண்டில் பிறந்தது. கான்சாஸ் உழவருக்கு விலை, கப்பல்காரருக்குக் கூலி, இந்தியருக்கு ரொட்டி. இதைத் தருமம் என்பாரும் உண்டு, சூழ்ச்சி என்பாரும் உண்டு. எனக்கு இது ஒரு பேரம் என்றே படுகிறது.

நாம் கொடுத்த ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்கக் கணக்கில் சேர்ந்தது. அதில் ஒரு சிறு பங்கைக் கொண்டு 1962 முதல் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினர். அங்கே தமிழ் நூல்கள் பல அடுக்கப்பட்டிருப்பது இந்தக் கோதுமையின் தயவால்தான்!

1960 மே மாதம் எஸ். கே. பாட்டீல் வாஷிங்டனில் செய்துகொண்ட நான்காண்டு ஒப்பந்தம் 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமைக்கும் 10 லட்சம் டன் அரிசிக்கும் வழி செய்தது. மலிவாகத் தானியம் வந்ததால் உள்நாட்டு உழவனை எண்ணுவார் குறைந்தனர். அவனுக்குக் கட்டுப்படியாகும் விலை கொடுத்தால் நகரத்தில் விலைவாசி ஏறும் என்று பொருளாதார அறிஞர் அஞ்சினர்.

சுப்பிரமணியம் இதைத் தலைகீழாக மாற்ற முற்பட்டார். உழவனுக்கு ஆதாயமான விலை, அறிவியல் ஆராய்ச்சி, உரம், புதுவிதை என்பதே அவர் திட்டம். 1965 ஜனவரியில் வேளாண்மை விலைக் குழுவும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய உணவுக் கழகமும் தோன்றின. அம்மாத இறுதியிலேயே தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புத் தீ மூண்டது. அவரும் ஓ. வி. அளகேசனும் மத்திய அமைச்சுப் பதவிகளிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தனர். பின்னர் சாஸ்திரி உறுதி கூற, இருவரும் பணிக்குத் திரும்பினர். அன்று அவர் திரும்பாதிருந்தால் உணவுத் துறை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது வீண் வேலை. ஆயினும் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இந்நிலையில்தான் அமெரிக்காவில் காற்று மாறியது. லிண்டன் ஜான்சன் ஜனாதிபதி, டெக்சாஸ்காரர், சபை அரசியலில் ஊறியவர். 1965 ஏப்ரலில் சாஸ்திரியின் வருகையைத் திடீரென ஒத்திப்போட்டார். அந்தக் கோடையில் பழைய தானிய ஒப்பந்தம் முடிந்தது; நீண்டகால ஒப்பந்தம் செய்ய அவர் மறுத்தார். சில வாரத் தேவைக்கு மட்டும் கோதுமை விடுவது, பிறகு நிறுத்திப் பார்ப்பது, மீண்டும் சிறிது விடுவது என்ற முறையை மேற்கொண்டு, ஒவ்வொரு தவணையையும் தாமே முடிவு செய்தார். நம் நாளிதழ்கள் ஒரே காரணம் கூறின: வியட்நாமில் குண்டு வீசுவதை இந்தியா கண்டித்தது, அதனால் பழிவாங்குகிறார் என்பது. அது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. அமெரிக்கக் களஞ்சியங்களில் மிகுதி கரைந்துகொண்டிருந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் அமெரிக்க உதவி பெற்றுக்கொண்டே 1965 செப்டம்பரில் போரிட்டதைச் சபை உறுப்பினர் பலர் விரும்பவில்லை. தம் வேளாண்மையைக் கவனியாத நாட்டுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கும் சபையை ஜான்சன் சமாளிக்க வேண்டியிருந்தது. டெல்லியிலிருந்த அமெரிக்கத் தூதர் செஸ்டர் பௌல்ஸ் இம்முறையை எதிர்த்தார். அமெரிக்கா என்பது ஒரே குரலில் பேசும் ஓர் ஆள் அல்லவே.

இக்குரல்களில் எதனுடன் பேச வேண்டும் என்று சுப்பிரமணியம் அறிந்திருந்தார். அமெரிக்க வேளாண்மை அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமன் மினசோட்டா மாநிலத்து முன்னாள் கவர்னர். 1965 நவம்பரில் ரோம் நகரில் உலக உணவு வேளாண்மை நிறுவன மாநாட்டில் இருவரும் சந்தித்தனர். மாநாட்டின் ஓரத்தில் இரகசியமாக ஓர் உடன்பாடு எழுதினர். வேளாண்மைக்கு முதலீடு, உரம், விதை, கடன், விலை ஆகியவற்றில் இந்தியா இன்னின்னது செய்யும் என்பது அதன் சாரம். டிசம்பரில் சுப்பிரமணியம் தம் திட்டத்தைப் பாராளுமன்றத்தில் அறிவித்துவிட்டு வாஷிங்டன் சென்று ஜான்சனைக் கண்டார். கோதுமையும், உரம் வாங்கக் கடனும் கிடைத்தன.

நாட்டை விற்றுவிட்டார் என்று இடதுசாரிகள் முழங்கினர். உர உற்பத்தியில் அந்நிய மூலதனத்துக்குக் கதவு திறக்கப்பட்டது உண்மையே. 1966-ல் தோன்றிய சென்னை உர நிறுவனத்தில் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி ஒன்று பங்காளி. ஆனால் மாதங்களைப் பாருங்கள். விலைக் குழுவும் உணவுக் கழகமும் ஜனவரியில் பிறந்தவை. கயிற்றை ஜான்சன் இறுக்கியது கோடையில். எனவே ரோமில் கையெழுத்தான நிபந்தனைகளிற் பெரும்பாலானவை அவர் முன்னரே செய்ய விரும்பியவை. டெல்லியில் அவரைத் தடுத்தவர்களுள் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி முக்கியமானவர், எதிர்த்தவரும் தமிழரே. அந்நியச் செலாவணி ஏது என்ற அவர் கேள்வியும் அர்த்தமற்றதன்று. வெளியிலிருந்து வந்த நெருக்கடியை உள்ளிருந்த தடையைத் தகர்க்கும் கோலாக்கினார் சுப்பிரமணியம். இது தந்திரமா பணிவா என்று கேட்டால், தந்திரம் என்பேன். ஆனால் விலை இல்லாத தந்திரம் அன்று: நம் உணவுத் தட்டில் எவ்வளவு விழ வேண்டும் என்பதை இரண்டு ஆண்டுக் காலம் அயல்நாட்டு ஜனாதிபதி ஒருவர் தீர்மானித்தார்.

இதற்குள் மழை பொய்த்தது. 1964-65-ல் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த தானிய விளைவு மறு ஆண்டில் 7 கோடியே 20 லட்சமாக வீழ்ந்தது. 1966-ல் இறக்குமதி ஒரு கோடி டன்னைத் தொட்டது. அவ்வாண்டிலேயே சுப்பிரமணியம் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையை வரவழைத்தார். நம் பழைய கோதுமை நெட்டையானது. உரம் மிகுந்தால் கதிர் கனத்துத் தலை சாய்ந்துவிடும். ஜப்பானியக் கோதுமை ஒன்றின் குட்டைப் பண்பைக் கலந்து நார்மன் போர்லாக் உருவாக்கிய இனங்கள் சாயாமல் நின்று உரத்தை மணியாக மாற்றின. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் போன்றோர் அவற்றை இங்கே சோதித்துப் பரிந்துரைத்தனர். அமைச்சர் தம் டெல்லி இல்லத்துப் புல்தரையை உழுது அவ்விதையை விதைத்தார். ஓர் அமைச்சர் பரிசோதனையை வாசலிலேயே நடத்துவது எனக்கு மிகவும் பிடித்த செயல்.

1966 பிற்பகுதியில் ஜான்சன் மீண்டும் கையை இறுக்கினார். பீகாரில் பஞ்சம் தலைகாட்டியது. டிசம்பரில் அமெரிக்க சபை உறுப்பினர் குழு ஒன்று நேரில் வந்து பார்வையிட்டது. குடியரசுக் கட்சியினரும் அதில் இருந்தனர். தானியம் அனுப்புவதே தக்கது என்று அவர்கள் கூறிய பின் கப்பல்கள் புறப்பட்டன. தாம் மட்டும் பொறுப்பேற்காமல் சபையையும் உடன் இழுத்துக்கொள்ளும் ஜான்சனின் வழக்கத்தை அறியாதவருக்கு இந்தத் தாமதம் வெறும் கொடுமையாகவே தோன்றும். அறிந்தவருக்கும் கொடுமைதான், ஆனால் எங்கே தட்டினால் கதவு திறக்கும் என்பது தெரியும்.

1967 தேர்தலில் சுப்பிரமணியம் தோற்றார். இந்தியும் அரிசியும் தமிழ்நாட்டில் காங்கிரஸைக் கவிழ்த்தன. ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவதாக அண்ணா வாக்களித்திருந்தார். கோதுமைக்கு வழி கண்ட அமைச்சர் அரிசியால் வீழ்ந்தார். மறு ஆண்டே, 1967-68-ல், கோதுமை விளைவு 1 கோடியே 65 லட்சம் டன் ஆயிற்று. இரண்டாண்டுக்கு முன் அது 1 கோடியே 4 லட்சம். தானியம் வைக்க இடமின்றிப் பள்ளிக்கூடங்களைக் களஞ்சியமாக்க நேர்ந்தது. 1968-ல் கோதுமைப் புரட்சிக்குத் தபால் தலை வெளியிட்டபோது அவர் அமைச்சராக இல்லை.

1971-ல் மக்களவைக்குத் திரும்பி, திட்டம், தொழில், நிதித் துறைகளைப் பார்த்தார். நெருக்கடி நிலைக் காலத்தில் நிதியமைச்சராய் நீடித்தது அவர் வாழ்வில் நான் விரும்பாத பகுதி. 1979-ல் சில மாதம் பாதுகாப்பு அமைச்சர். 1990 முதல் 1993 வரை மகாராஷ்டிரக் கவர்னர். 1998-ல் பாரத ரத்னா பெற்று, 2000 நவம்பர் 7 அன்று காலமானார்.

இங்கே பொம்மனஹள்ளியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம்மில் பலருக்கு இரவில் சப்பாத்திதான். அந்த மாவு இந்திய வயலின் மாவு. பி. எல். 480 கணக்கில் தேங்கிக் கிடந்த பணத்தில் ஏறத்தாழ 1,660 கோடி ரூபாயை 1974-ல் அமெரிக்கத் தூதர் ஒரே காசோலையில் இந்தியாவுக்குத் திருப்பித் தந்தார். ஜான்சன் தம் நினைவு நூலில் இந்திய உணவு நெருக்கடிக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். சுப்பிரமணியம் தம் சுயசரிதையில் அக்காலத்துக்கென ஒரு தொகுதியே எழுதினார். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது நல்லது. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.